வடக்கிருத்தலும் காணப்பயறும்: என் பிரிலிம்ஸ் கதை

2023 மே 28. யுபிஎஸ்சி சிவில் சர்வீஸ் தேர்வின் முதல் கட்டமான பிரிலிம்ஸ். காலையில் பொது அறிவுத் தாள் முடிந்துவிட்டது, மதியம் இரண்டரைக்கு சிசாட் என்கிற திறனறித் தாள். சென்னையில் தேர்வு மையத்துக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பையன் கேள்வித்தாளை மடியில் விரித்து விடைகளுக்கு டிக் அடித்துக்கொண்டிருந்தான். இரண்டு தாளுக்கும் நடுவில் இதைச் செய்யவே கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் செய்வோம்.

“இந்த வட்டக்கிருட்டல் கேள்விக்கு என்ன போட்டீங்க?” என்று கேட்டேன்.

அவன் ஒரு நொடி முழித்தான். “எது... வடக்கிருத்தலுங்களா? டி தான். போர்ல தோத்த ராஜா பட்டினி கெடந்து உயிர விடுறது.”

சாதம் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

ஒன்பதாம் வகுப்பில் பிசிராந்தையார் நட்பைப் பற்றிப் பேசி எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கியவள் நான். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்த கதையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் கேள்வித்தாளில் அந்தச் சொல் ஆங்கில எழுத்தில் ‘வட்டகிருடல்’ என்று படிக்கிற மாதிரி நின்றது. ‘வட்ட’ என்றதும் என் மூளை வட்டத்துக்குப் போய்விட்டது. வட்டமாகச் சுற்றுவது எது? கவண். கவண் சுற்றுவது யார்? தினைப்புனம் காக்கிற பெண்கள். விடைகளில் ஒன்றாக, வயலில் பறவை விரட்டும் இளம்பெண்களும் இருந்தார்கள்! இவ்வளவு அழகாக யோசித்துவிட்டோமே என்று எனக்கே பெருமையாக இருந்தது. கறுப்புப் பேனாவால் வட்டத்தை நிரப்பினேன்.

அந்தத் தாளில் என் கணக்கு 46 சரி, 28 தப்பு. சரிக்கு இரண்டு மார்க், தப்புக்கு அந்த இரண்டில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மொத்தம் 73 சொச்சம். அந்த வருடம் என் ஓபிசி பிரிவில் தேறுவதற்கான கட்-ஆஃப் 74.75. அந்த ஒரு கேள்வி சரியாகியிருந்தால் இரண்டு மார்க் கூடும், பிடித்துக்கொண்ட 0.67-ம் திரும்ப வரும், 76. அப்போதெல்லாம் அதிகாரப்பூர்வ விடைக்குறிப்பு அந்த ஆண்டின் மொத்தத் தேர்வும் முடிந்த பிறகுதான் வெளிவரும். வந்தபோது பையன் சொன்னது சரி.

இதற்கு முந்தைய வருடத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஊர் கோவில்பட்டிப் பக்கம். அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். அம்மாவின் வளையலை அடகு வைத்து என்னை அண்ணா நகர் ஹாஸ்டலில் விட்டுவிட்டுப் போனார்கள். பொது அறிவு என்றால் உலகத்தில் இருக்கிற எல்லாம் என்று நினைத்திருந்தேன். தேதி, விருது, குறியீட்டு எண், சரணாலயம், எல்லாம். டெலிகிராமில் வந்த பிடிஎஃப் ஒவ்வொன்றையும் இறக்கினேன். ஐந்து கம்பெனி மாத இதழ்கள் கட்டிலுக்குக் கீழே. ஒரே செய்தியை ஐந்திலும் கோடு போட்டுப் படித்தேன், ஐந்து முறையும் புதிதாக இருந்தது. 2022 ஜூன் 5 அன்று 93 கேள்விகளுக்கு விடை எழுதினேன், இவ்வளவு படித்துவிட்டு விட்டுவிட்டு வருவதா என்று. 49 தப்பு. 55 மார்க். கட்-ஆஃப் 87.54. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

அதனால் 2023-ல் உஷாராக இருந்தேன். ஆனால் தாள் வேறு மாதிரி வந்தது. அதுவரை ‘1, 2 மட்டும்’, ‘2, 3 மட்டும்’ என்று விடைகள் இருக்கும். ஒரு வாக்கியம் தப்பென்று தெரிந்தாலே இரண்டு விடைகளை அடித்துவிடலாம். பயிற்சி மையங்கள் வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுத்த வித்தை அது. அந்த வருடம் நிறையக் கேள்விகளில் ‘எத்தனை சரி? ஒன்று மட்டும், இரண்டு மட்டும், மூன்றும், எதுவும் இல்லை’ என்று கேட்டுவிட்டார்கள். செய்திகளில் அடிபடும் இடங்களைப் பொருத்தும் ஒரு கேள்வியில், வடக்குக் கிவு–இட்டூரிக்கு எதிரே ஆர்மீனியா–அஜர்பைஜான் போர், நகோர்னோ-காராபாக்குக்கு எதிரே மொசாம்பிக் கிளர்ச்சி, கெர்சானுக்கு எதிரே இஸ்ரேல்–லெபனான் தகராறு. மூன்றும் தப்பு. இரண்டு தெரிந்து ஒன்று தெரியாமல் போனால், தெரிந்த இரண்டுக்கும் மதிப்பே கிடையாது. காளானைப் பற்றி நான்கு வாக்கியங்கள்: மருந்தாகும், மயக்கும், பூச்சி கொல்லும், ஒளிரும். நான்கும் சரி. இவ்வளவு விசித்திரம் உண்மையாக இருக்காது என்று நினைத்தவர்கள் எல்லோரும் வீழ்ந்தோம்.

அதே தாளில் கொற்கை, பூம்புகார், முசிறி மூன்றும் எதற்குப் பேர் போனவை என்றொரு கேள்வி. கொற்கை எங்கள் மாவட்டம். துறைமுகம் என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். ஒரே தாளில் ஒன்று கையில் விழுந்தது, இன்னொன்று கண்முன்னே நழுவியது. நழுவியதும் நான் படித்ததுதான். இதுதான் என்னை அரித்தது. படிக்காமல் போனால் படித்துக்கொள்ளலாம். இருப்பதை அடையாளம் தெரியாமல் போனால் என்ன செய்ய?

ஹாஸ்டலைக் காலி செய்தேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. செப்டம்பரில் தமிழ்நாடு அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்தின் ஊக்கத்தொகைத் தேர்வை எழுதினேன். ஆயிரம் பேருக்கு, மாதம் 7,500 ரூபாய், பத்து மாதம். பட்டியலில் என் பெயர் வந்தது. அந்தப் பணத்தை நம்பி மதுரைக்குப் போனேன். ரிசர்வ் லைனில் சித்தி வீடு. நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் அந்த ஜூலையில்தான் திறந்திருந்தார்கள். புது ஏசியின் குளிருக்கு ஒரு சால்வை எடுத்துப் போவேன், செக்யூரிட்டி அண்ணன் என்னை ‘சால்வைப் புள்ள’ என்றுதான் கூப்பிடுவார்.

முதல் மாதம் புதிதாக ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. பழைய கேள்வித்தாள்களை மட்டும் வைத்துக்கொண்டு, நான் தப்பு விட்ட ஒவ்வொரு கேள்விக்கும் ஏன் என்று எழுதினேன். சுத்தமாகத் தெரியாது, அரைகுறையாகத் தெரியும், அவசரம் என்று மூன்று காரணம்தான் இருக்கும் என்று நினைத்தேன். நான்காவதாக ஒன்று வந்து குவிந்தது: தமிழில் தெரியும், ஆங்கிலத்தில் அடையாளம் தெரியவில்லை. 2016 தாளில் ‘எரிபட்டி’ என்று ஒன்று. தீயோ எரிப்போ என்று யோசித்துவிட்டு அடுத்ததற்குப் போயிருந்தேன். ஏரிப்பட்டி! ஊர் ஏரியைப் பராமரிக்க விட்ட நிலம். கண்மாய்க்கரையில் வளர்ந்த எனக்கு இதைவிட எளிதாக ஒரு கேள்வி கேட்க முடியாது.

பிரிலிம்ஸ் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். அடுத்த கட்டமான மெயின்ஸைத் தமிழில் எழுதலாம், ஆனால் அந்தக் கதவுக்குப் போக இந்தக் கதவைத் தாண்ட வேண்டும். தமிழ்வழியில் படித்தவர்கள் இதை ‘இங்கிலீஷ் வீக்’ என்று சுருக்கிச் சொல்லித் தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். எனக்கு ஆங்கிலம் வாசிக்க வரும், செய்தித்தாள் ஓடும். இது வேறு.

அதனால் ஒரு 200 பக்க நோட்டு வாங்கினேன். பாடநூல் கழகத்தின் பதினொன்றாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே பாடத்தை இடது பக்கம் தமிழிலும் வலது பக்கம் ஆங்கிலத்திலும் திறந்து வைத்து, பத்தி பத்தியாகப் போனேன். ஒரு சொல் இரண்டு உடையில் வந்தால் நோட்டில் ஏறும். நாடாளுமன்றப் பாடத்தில், ஒத்திவைப்புக்கு எதிரே அட்ஜர்ன்மென்ட், கூட்டத்தொடரை முடித்துவைப்பதற்கு எதிரே ப்ரொரோகேஷன், கலைப்புக்கு எதிரே டிசொலூஷன். இவை மூன்றையும் யார் செய்வார்கள், சபை நடக்கும்போது செய்யலாமா கூடாதா என்று சின்னதாக ஒரு வரி. சங்க காலப் பக்கத்தில் இன்னொரு வேலையும் செய்தேன். ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் தமிழ் தெரியாத ஒருவர் ஆங்கிலத்தில் எப்படியெல்லாம் கொலை செய்து எழுதுவார் என்று நானே நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். சித்தி மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

வடக்கிருத்தலுக்கு ஒரு முழுப் பக்கம். அதில்தான் இன்னொன்று பிடிபட்டது. சொல்லை அடையாளம் கண்டிருந்தாலும் நான் தடுமாறியிருப்பேன். விடையில் ‘போரில் தோற்ற அரசன்’ என்று இருந்தது. என் பேச்சுப் போட்டிக் கோப்பெருஞ்சோழன் தோற்றவன் இல்லை, பிள்ளைகளோடு வந்த மனக்கசப்பில் வடக்கிருந்தவன். வெண்ணிப் போரில் கரிகாலனிடம் முதுகில் புண்பட்டு வடக்கிருந்தவன் சேரமான் பெருஞ்சேரலாதன். கேள்வி அவனுக்குப் பொருந்தும். ஒரு கதையை உருகி உருகிப் படித்துவிட்டு, பக்கத்துக் கதையை விட்டுவிட்டேன். நட்பு, கண்ணீர் எல்லாம் இருந்தது. வழக்கம் என்ன, யாரெல்லாம், ஏன் என்பது இல்லை. அதன்பிறகு எதைப் படித்தாலும் இன்னொரு உதாரணம் தேடினேன்.

கரண்ட் அஃபேர்ஸுக்கு ஒரு நாளிதழ், ஒரு மாத இதழ், அவ்வளவுதான். மற்ற நான்கையும் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டேன், கிலோ கணக்கில். போடும்போது கை நடுங்கியது என்று சொன்னால் இந்தத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்குப் புரியும்.

ஊகிப்பதற்கும் ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். நான்கு விடையில் ஒன்றும் தெரியாமல் போட்டால், நீண்ட ஓட்டத்தில் வரவும் போக்கும் சரியாகப் போய்விடும், லாபமும் இல்லை நட்டமும் இல்லை. ஒன்றை உறுதியாக அடிக்க முடிந்தால் கொஞ்சம் லாபம். இரண்டை அடித்தால் நல்ல லாபம். ஆனால் ‘உறுதியாக’ என்பதில்தான் கவண் சுற்றுகிற பெண்கள் வருவார்கள். மாக் டெஸ்டில் ஊகித்த ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘ஊ’ என்று போட்டுவைத்து, பிறகு எண்ணிப் பார்ப்பேன். அழகான காரணம் சொல்லிக்கொண்டு ஊகித்தவைதான் அதிகம் தப்பாகின. பாதி ஞாபகத்தில் ஊகித்தவை பரவாயில்லை.

2024-ல் நாடாளுமன்றத் தேர்தல் வந்ததால் பிரிலிம்ஸ் மே 26-லிருந்து ஜூன் 16-க்குத் தள்ளிப்போனது. மூன்று வாரம் கூடக் கிடைத்ததே என்று ஊர் முழுக்கச் சந்தோஷம். எனக்குத் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

தாளைப் பிரித்தால் ப்ரொரோகேஷன். அமைச்சரவை ஆலோசனை வேண்டுமா, அவை நடந்துகொண்டிருக்கும்போதே குடியரசுத் தலைவர் முடித்துவைக்கலாமா என்று நோட்டின் வரியை அப்படியே எடுத்துப் போட்ட மாதிரி. பட்கலில் போர்த்துக்கீசியர் கோட்டை கட்ட அனுமதி கொடுத்தது யார் என்று ஒன்று, தெரியவில்லை, தொடாமல் வந்தேன். கிருஷ்ணதேவராயராம். அப்புறம் ஒரு கேள்வியில் மூன்று செடிகள்: நிலக்கடலை, ஹார்ஸ்கிராம், சோயா. இவற்றில் எத்தனை பட்டாணிக் குடும்பம்?

ஹார்ஸ்கிராம் நோட்டில் இருந்தது. கொள்ளு என்று எழுதி, பக்கத்தில் ‘நம்ம காணம்’ என்று எழுதியிருந்தேன். காணத்தின் காயை உரித்தவர்களுக்குச் சந்தேகமே வராது. நிலக்கடலையில்தான் பலபேர் விழுவார்கள், மண்ணுக்கடியில் விளைகிறதே என்று. கோவில்பட்டிக்காரிக்குக் கடலைச் செடி புதிதா? அந்த மஞ்சள் பூவைப் பிய்த்து மூக்குத்தி மாதிரி ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள் நாங்கள். பட்டாணிப் பூவின் அதே வார்ப்பு. மூன்றும்.

84 கேள்வி எழுதினேன். மதியம் சிசாட்டில் கணக்குகள் கதறவிட்டன. 66 எடுத்தால் போதும் என்று அலட்சியமாக இருக்கிறவர்கள் நிறைய, நானும் இருந்திருக்கிறேன். அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றிப் பேசவே பிடிக்கவில்லை. தாண்டினேன், அவ்வளவுதான்.

ராத்திரி அம்மாவுக்குப் போன் செய்தேன்.

“எப்பிடி எழுதுன?”

“காணம் கேட்டாகம்மா. கடலையும்.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “காணத்தையா? இதுக்காண்டியா வளையல வச்சோம்?”

ஜூலை 1 அன்று முடிவு வந்தது. நூலகத்தில் போனை சைலன்ட்டில் போட்டுவிட்டு பிடிஎஃப்பைத் திறந்தேன். என் நம்பரின் கடைசி நான்கு இலக்கத்தைத் தேடலில் போட்டேன், யார் யாருடைய நம்பரோ வந்தது. முழு நம்பரையும் போட்டபோது ஒரே ஒரு இடத்தில் மஞ்சள் விழுந்தது. சால்வையை எடுத்துக்கொள்ளக்கூட மறந்துவிட்டு வெளியே ஓடினேன். பிறகு மதிப்பெண் வந்தபோது 93 சொச்சம், கட்-ஆஃப் 87.28. தேறியவர்களுக்கு அரசு கொடுத்த 25,000-ல் அம்மா வளையலை மீட்டோம். மெயின்ஸில் என் பெயர் வரவில்லை. அது இதைவிட நீளமான கதை.

முடிவு வந்த அன்று சாயங்காலம் சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிடிஎஃப்பை மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

“வெறும் நம்பரா இருக்கு. பேரு போட மாட்டாங்களாடி?”