மத்தீஸின் கத்தரிக்கோலும் முதுமையும்

முதுமையில் ஒரு கலைஞரின் படைப்பாற்றல் கனிகிறதா, வற்றுகிறதா என்று வெளியிலிருந்து கேட்பது எளிது. கலைஞர்கள் அதைத் தமக்குள் உணர்ந்த விதமோ அந்த இரண்டு சொற்களுக்குள் அடங்குவதில்லை. எழுபது வயதுக்கு முன் தாம் வரைந்தவற்றில் பொருட்படுத்தத்தக்கது எதுவுமில்லை என்று 1834இல் எழுதினார் ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய். (அவருடைய புகழ்பெற்ற 'பேரலை' எழுபதை எட்டிய பிறகே வந்ததால் தப்பித்தது.)

என்னை அதிகம் யோசிக்க வைப்பவர் பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ். 1941இல் லியோன் நகரில் குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டபின் பெரும்பாலும் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலுமாக வாழ நேர்ந்த அவர், எஞ்சிய ஆண்டுகளைத் தமக்குக் கிடைத்த இரண்டாவது வாழ்க்கையாகவே கருதினார். உதவியாளர்கள் குவாஷ் என்னும் அடர்த்தியான நீர்வண்ணம் பூசித் தந்த தாள்களை அவர் கத்தரிப்பார். அவர் காட்டும் இடத்தில் அவர்கள் அவற்றைச் சுவரில் குண்டூசியால் குத்துவார்கள், மனம் ஒப்பாவிட்டால் பிடுங்கி வேறிடத்தில் குத்துவார்கள். அந்தத் தாள்களில் ஊசித் துளைகள் இன்றும் இருக்கின்றன.

நோயை வென்ற முதியவர் என்று இதை மெச்சுவதில் எனக்கு உடன்பாடில்லை. முதலில் கோட்டால் உருவை வரைந்து பிறகு அதற்குள் வண்ணம் இடும்போது கோட்டுக்கும் வண்ணத்துக்கும் இடையில் எழும் பிணக்கு அவரை நெடுங்காலம் அலைக்கழித்த ஒன்று. வண்ணத்தாளையே வெட்டும்போது விளிம்பே கோடாகிவிடுவதால் அந்தப் பிணக்குக்கே இடமில்லாமல் போகிறது. உத்தியும் புதிதன்று. அமெரிக்காவில் பார்ன்ஸ் கலைக்கூடத்துக்காக 1930களின் தொடக்கத்தில் 'நடனம்' சுவரோவியத்தைத் தீட்டியபோதே, உருவங்களை நகர்த்தி வைத்துப் பார்க்க வெட்டிய தாள்களைப் பயன்படுத்தியிருக்கிறார். அன்று ஒத்திகைக்கு மட்டும் உதவியது, ஓவியச் சட்டத்தின் முன் நெடுநேரம் நிற்க உடல் இடந்தராத வயதில் படைப்பாகவே ஆயிற்று. உடல்நலம் குன்றாதிருந்தால் அந்தத் துணிவு அவருக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அதனால் வேலை சுலபமாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. 1953இல், தம் 83ஆம் வயதில், அவர் உருவாக்கிய 'நத்தை' கிட்டத்தட்ட மூன்று மீட்டர் நீளமும் அகலமும் கொண்டது. பார்ப்பவர் கண்ணுக்குச் சில வண்ணத் துண்டுகள்தான் தெரியும். குழந்தைகூட இதை ஒட்டிவிடுமே என்பாரும் உண்டு. ஆனால் முதலில் நிஜ நத்தையைக் கையில் பிடித்துக்கொண்டு மீண்டும் மீண்டும் வரைந்ததாகவும், அது சுருள் விரியும் விதம் அப்படி வரைந்தபோதுதான் பிடிபட்டதாகவும், அதன் பிறகே கத்தரிக்கோலை எடுத்ததாகவும் அவரே சொல்லியிருக்கிறார்.