கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கு இரண்டு பக்கமும்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்குப் போகும் வழியில் கோபாலபுரம் சோதனைச்சாவடி இருக்கிறது. அதற்கு மேற்கே கேரளம், கிழக்கே தமிழ்நாடு. இரண்டு பக்கத்துத் தோப்புகளிலும் நிற்பது ஒரே தென்னைதான், பேசுவதும் ஏறத்தாழ ஒரே தமிழ்தான். ஆனால் மேற்கே உள்ள மரத்தில் கள் இறக்குவது உரிமம் பெற்றுச் செய்யும் தொழில். கூப்பிடு தூரத்தில் கிழக்கே நிற்கும் மரத்தில் பானை கட்டினால் அது 1987 முதல் குற்றம். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்துத் தோப்புகளில் இறக்கும் கள் கேரளத்தின் பிற மாவட்டங்களுக்கும் போகிறது. அதற்காக மரம் ஏறுகிறவர்களில் தமிழர்களும் நிறையப் பேர் உண்டு. இங்கே, நான் இருக்கும் கேரளப் பக்கத்தில், கள்ளுத் தொழிலாளருக்கென்று 1969இலேயே நலநிதிச் சட்டம் வந்துவிட்டது. அதே ஆள் தன் ஊருக்குத் திரும்பி அதே வேலையைச் செய்தால் காவல் நிலையத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

தனிமனிதனின் பழக்கவழக்கங்களில் அரசு தலையிடலாமா என்று யாராவது கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சாவடிதான் நினைவுக்கு வருகிறது. எல்லையில் பிறந்தவனுக்குச் சட்டமும் ஒழுக்கமும் ஒன்றேதான் என்ற மயக்கம் சிறுவயதிலேயே தெளிந்துவிடும். அதற்காக, அரசு எதிலும் தலையிடக் கூடாது என்று சொல்லும் கட்சியில் நான் சேரவில்லை. ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் சாராயக் கடைகளை மூடச் சொல்லித் தெருவில் இறங்கியவர்கள் சட்டம் இயற்றும் ஆசை கொண்ட அதிகாரிகள் அல்லர். கணவனின் கூலி வீடு வந்து சேராத பெண்கள். அந்தப் போராட்டம்தான் அங்கே 1995இல் முழு மதுவிலக்கைக் கொண்டுவந்தது. இரண்டே ஆண்டில், 1997இல், வருவாய் இழப்பைக் காட்டி அது தளர்த்தப்பட்டது என்பது வேறு கதை. குடிப்பவனின் உரிமையைப் பற்றி மட்டும் பேசுகிறவர்களுக்கு அந்தப் பெண்களிடம் சொல்லப் பதில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

என்னுடைய சந்தேகம் வேறு. தடுக்கிறவரின் கை சுத்தமாக இருக்கிறதா, தண்டனை யார் தலையில் விழுகிறது என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

லாட்டரியை எடுத்துக்கொள்வோம். கேரள அரசு 1967இல் தொடங்கிய சீட்டு இன்றும் எங்கள் தெருமுனைகளில் விற்கிறது. தமிழ்நாடும் 1968 முதல் தானே சீட்டு விற்றுக்கொண்டிருந்த மாநிலம்தான். 2003 ஜனவரியில்தான் அங்கே தடை வந்தது. அதற்கு முன், 1999இல், உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல கணக்குச் சொல்லியிருந்தது: தன் மண்ணில் எந்த லாட்டரியும் வேண்டாம் என்று முடிவெடுக்கும் மாநிலம் மட்டுமே பிற மாநிலச் சீட்டுகளைத் தடுக்கலாம், தன் சீட்டை விற்றுக்கொண்டே அடுத்தவர் சீட்டை விரட்ட முடியாது. தமிழ்நாடும் தன் கடையை மூடிவிட்டுத்தான் தடை போட்டது. ஆகவே அந்தத் தடையை நான் மதிக்கிறேன், எல்லை தாண்டி வந்து சீட்டு வாங்குகிறவர்கள் எத்தனை பேராக இருந்தாலும். (கேரள லாட்டரியின் 2023 ஓணம் பம்பர் பரிசான 25 கோடி ரூபாய், வாளையாறில் வாங்கிய சீட்டுக்காகத் தமிழ்நாட்டைச் சேர்ந்த நால்வருக்குத்தான் விழுந்தது.)

இந்த அளவுகோலை மதுவின் மேல் வைத்துப் பார்த்தால் நிற்காது. லாட்டரியை நிறுத்திய அதே 2003ஆம் ஆண்டின் நவம்பரில், அதே அரசு டாஸ்மாக் வழியாக மதுவைத் தானே சில்லறையில் விற்கத் தொடங்கியது. கள் அப்போதும் குற்றம், இப்போதும் குற்றம். பிராந்தி மட்டும் அரசாங்கக் கடையில். உடல்நலம் என்று இதற்கு என்ன காரணம் சொன்னாலும், மரமேறிகள் யாரும் நம்பமாட்டார்கள்.

புதிதாக வந்த சட்டங்களில் என் வீட்டை நேராகத் தொட்டது இணையச் சூதாட்டத் தடைச் சட்டம். தமிழ்நாடு சட்டமன்றம் 2022இல் நிறைவேற்றி, ஆளுநர் திருப்பியனுப்பி, மறுபடியும் நிறைவேற்றப்பட்டு, 2023 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. நடத்துகிறவருக்கு மூன்றாண்டு வரை சிறை, விளம்பரம் செய்கிறவருக்கு ஓராண்டு வரை. அதுவரை சரி. ஆடுகிறவனுக்கும் மூன்று மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் என்று அதில் ஒரு பிரிவு இருந்தது. பொள்ளாச்சியில் இருக்கும் என் சித்தப்பா மகன் அந்தக் கோடையில் இரவெல்லாம் கைப்பேசியில் ரம்மி ஆடி இரண்டு லட்சத்துக்கு மேல் இழந்திருந்தான். புகார் கொடுக்கலாம் என்று சித்தப்பா ஒரு வழக்கறிஞரிடம் போனார். புகாரில் பையன் பெயரும் வரும், ஆடியதை அவனே ஒப்புக்கொண்டதாக ஆகும், யோசித்துக்கொள்ளுங்கள் என்றார் அவர். சித்தப்பா பேசாமல் திரும்பி வந்துவிட்டார். அவனைக் காப்பாற்றுவதற்காக எழுதிய சட்டம் அவன் வாயைத்தான் முதலில் அடைத்தது.

அந்த ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அந்தத் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது. கேரளத்தில் ரம்மிக்குப் போட்ட தடையை இங்குள்ள உயர் நீதிமன்றம் 2021லேயே ரத்து செய்திருந்தது. பிறகு நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் கட்டி ஆடக் கூடாது என்று தமிழ்நாட்டில் ஒரு விதி வந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. இழந்தவன் இழந்ததை மீட்க ஓடும் நேரம் அதுதான் என்று யாரோ விஷயம் தெரிந்தவர் எழுதியிருக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்தபோது நான் தேடிப் பார்த்தது ஒன்றைத்தான். நடத்துகிறவருக்கும் விளம்பரம் செய்கிறவருக்கும் தண்டனை இருக்கிறது, ஆடியவனுக்கு இல்லை. இரண்டாண்டுக்கு முன்பே இப்படி எழுதியிருந்தால் சித்தப்பா அந்த வழக்கறிஞர் வீட்டுப் படியிலிருந்து காவல் நிலையத்துக்குப் போயிருப்பார்.

இப்போது அவன் கைப்பேசியில் அந்தச் செயலி இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோபாலபுரம் தாண்டி எங்கள் ஊருக்கு வருகிறான். ஒரு சீட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகிறான். "அந்த கேரளாக்காரங்களும் இதை நிறுத்த மாட்டாங்களா கண்ணு?" என்று சித்தி போன வாரம் தொலைபேசியில் கேட்டார். ஒரு சீட்டுதானே சித்தி என்றேன். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை.