ஒயர் கிழிந்தது ஒரு இடம், அறுந்தது வேறு இடம்

என்னிடம் ஒரு பழைய பிஎஸ்பி இருக்கிறது, கையில் பிடித்து விளையாடும் சோனியின் கேம் கருவி. 2004 டிசம்பரில் முதன்முதலாக வந்த அந்தத் தடிமனான மாடல். மேல்பக்கம் ஒரு மினி யூஎஸ்பி துளை இருந்தாலும் இந்த மாடலில் அதன் வழியாக சார்ஜ் ஏறாது, கோப்புகளை மாற்ற மட்டும்தான் அது. சார்ஜ் ஏற வேண்டுமென்றால் கீழே இருக்கும் வட்டத் துளையில் மஞ்சள் முனை கொண்ட குச்சி பின்னைச் சொருகியாக வேண்டும். அந்த பின்னோடு வரும் ஒயர் அடாப்டரிலேயே நிரந்தரமாக ஒட்டியிருக்கும், தனியாகக் கழற்ற முடியாது. அதனால் ஒயர் போனால் அடாப்டரும் போன மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கெடுத்தது நான்தான். ஒவ்வொரு முறையும் சார்ஜ் முடிந்ததும் ஒயரை அடாப்டரைச் சுற்றி இறுக்கமாகச் சுற்றி, கடைசிச் சுற்றுக்கு அடியில் பின்னைச் செருகி வைப்பது என் வழக்கம். பார்க்க ஒழுங்காக இருக்கும். ஒயர் வெளியே வரும் இடத்தில் தினமும் ஒரே திசையில் மடங்கி மடங்கி, கடைசியில் அடாப்டர் பக்கம் மேல்தோல் விரிந்து உள்ளே செம்பு தெரிய ஆரம்பித்தது. கொஞ்ச நாளில், சார்ஜ் ஏறுவதைக் காட்டும் ஆரஞ்சு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. ஒயரை ஒரு பக்கமாக வளைத்து, மேலே கனமான புத்தகம் ஒன்றை வைத்தால் ஏறும், யாராவது பக்கத்தில் நடந்தால் நின்றுவிடும். அக்கா மகன் வரும்போதெல்லாம் ஒயரைப் பிடித்துக்கொண்டு உட்காருவது என் வேலை. "ஆட்டாதீங்க மாமா, இப்போதான் ஏறுது" என்று அவன் அதட்டுவான்.

முதலில் செய்தது எல்லோரும் செய்வதைத்தான், கிழிந்த இடத்தில் இன்சுலேஷன் டேப். இரண்டு நாள் சரியாக ஏறியது, அதற்கும் டேப்புக்கும் சம்பந்தமே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மூன்றாம் நாள் பழைய கதை. உடனே சூப்பர் க்ளூவை எடுத்து டேப்பின் ஓரங்களில் விட்டேன். இதை யாரும் செய்யாதீர்கள். க்ளூ காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும், அந்தக் கல் முடிகிற விளிம்பில் ஒயர் இன்னும் கூர்மையாக மடங்கும். அப்புறம் பேட்டரி மேல் சந்தேகம் வந்து பின்மூடியைத் திறந்து பார்த்தேன். பழைய லித்தியம் பேட்டரி உப்புவது சகஜம், என்னுடையது உப்பவில்லை. மூடிவிட்டேன்.

அதன் பிறகுதான் வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தேன், எடுத்ததும் குழம்பினேன். அடாப்டரைச் சுவரில் மாட்டி பின்னின் உள்பக்கம் ஒரு முனை, வெளிப்பக்கம் ஒரு முனை என்று வைத்தால் 5.1 வோல்ட் காட்டுகிறது. லேபிளில் 5 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருக்கிறது, ஆக எல்லாம் சரி! ஆனால் கருவியில் சொருகினால் ஏறவில்லை. அரை மணி நேரம் கழித்து உறைத்தது. மல்டிமீட்டர் மின்னோட்டம் என்று சொல்லும்படி எதையும் இழுப்பதில்லை. இருபது இழைகளில் ஒன்றே ஒன்று தொட்டுக்கொண்டிருந்தாலும் அது முழு வோல்டேஜைக் காட்டிவிடும். கருவி ஒரு ஆம்பியருக்கு மேல் கேட்கும்போதுதான் அந்த ஒற்றை இழையின் வண்டவாளம் வெளியே வரும்.

ஆகவே சுமை கொடுத்து, அதாவது மின்னோட்டத்தை இழுக்கும் ஒன்றை மாட்டி, அளக்க வேண்டும். 5 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்று இருந்தது (வெள்ளைச் செங்கல் துண்டு மாதிரி இருக்குமே, அதுதான்). அதை பின்னோடு இணைத்தால் 5 வோல்ட்டுக்கு 1 ஆம்பியர் ஓடும், 5 வாட் சூடு வரும். கை வைக்க முடியாது, அதனால் ஓட்டுத் துண்டு ஒன்றின் மேல் வைத்தேன். இப்போது அளந்தால் 3 வோல்ட்டுக்கும் 4 வோல்ட்டுக்கும் இடையே தள்ளாடுகிறது. ஒயரை விரலால் அங்குலம் அங்குலமாக வளைத்துக்கொண்டே போனேன். டேப், க்ளூ எல்லாம் பூசி வைத்திருந்த அடாப்டர் பக்கத்தை எப்படி வளைத்தாலும் எண் அசையவில்லை. மறுமுனையில், மஞ்சள் பின்னுக்குச் சற்று மேலே, தோல் புதிது மாதிரி வழவழவென்று இருந்த இடத்தைத் தொட்டதும் எண் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. இத்தனை நாள் தவறான முனைக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

சுவரிலிருந்து கழற்றிவிட்டு பின்னை வெட்டி எடுத்தேன். ரப்பர் உறையை பிளேடால் நீளவாக்கில் கீறிப் பிரித்தால், நடுவில் தோல் போட்ட ஒரு ஒயர், அதைச் சுற்றி வெற்றுச் செம்பு இழைகள். வெளியில் சுற்றியிருந்த இழைகளில் இரண்டு மூன்று தவிர மற்றதெல்லாம் அறுந்து கறுத்திருந்தன.

பழைய பின்னையே திரும்பப் பயன்படுத்தலாம் என்று, ஈயம் உருக்கி ஒட்டும் சால்டரிங் அயர்னை வைத்தது அடுத்த தப்பு. உள் உலோகத்தையும் வெளி உலோகத்தையும் பிரித்து வைப்பது ஒரு சின்ன பிளாஸ்டிக் வளையம், அது இளகி உள்குழாய் சாய்ந்துவிட்டது. சாய்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று தொடும், ஷார்ட். ஆகவே புதுப் பின் வாங்கினேன். வெளிவிட்டம் 4.0 மி.மீ., உள்துளை 1.7 மி.மீ., நடுப்பகுதி பிளஸ். பார்வைக்கு இதே மாதிரி பின்கள் நிறைய உண்டு, அளவு அரை மி.மீ. மாறினாலும் ஒன்று நுழையாது அல்லது உள்ளே லொடலொடவென்று ஆடும், கண்ணால் பார்த்து வாங்காதீர்கள்.

பின் வருவதற்குள் பொறுமை இல்லாமல், ஒரு முனையில் யூஎஸ்பியும் மறுமுனையில் இந்தக் குச்சி பின்னும் உள்ள ரெடிமேட் கேபிள் ஒன்றும் வாங்கினேன். இரண்டுமே 5 வோல்ட் என்பதால் இந்தக் கருவிக்கு அது பொருந்தும். எல்லாக் கருவிக்கும் பொருந்தாது, நின்டெண்டோ 3டிஎஸ் என்ற இன்னொரு கேம் கருவியின் அடாப்டர் 4.6 வோல்ட், முனையும் வேறு. வோல்ட் ஒத்துப்போக வேண்டும், ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, கருவி தனக்கு வேண்டியதை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். சரி, கேபிளைச் சொருகினேன், ஆரஞ்சு விளக்கு ஜோராக எரிந்தது. ஆனால் விளையாடிக்கொண்டே சார்ஜ் போட்டால் பேட்டரி ஏறுவதற்குப் பதில் இறங்கிக்கொண்டிருந்தது. அதே ரெசிஸ்டரை மாட்டி அளந்தேன், வழியிலேயே 0.6 வோல்ட் காணாமல் போயிருந்தது.

காரணம் ஒயரின் தடிமன். பருமனான உறைக்குள் தலைமுடி மாதிரி இழைகள். ஒயரின் தடிமனைக் கேஜ் எண்ணில் சொல்வார்கள், எண் கூடினால் ஒயர் மெலிவு. கணக்குப் போட்டுப் பார்த்தால் 28 கேஜ் செம்பு ஒயருக்கு மீட்டருக்கு சுமார் 0.21 ஓம் தடை. மின்சாரம் போகவும் வரவும் இரண்டு ஒயர் என்பதால் ஒரு மீட்டர் கேபிள் என்றால் 0.42 ஓம், 1 ஆம்பியருக்கே 0.4 வோல்ட் அதிலேயே போய்விடும், 2 ஆம்பியர் என்றால் இரட்டிப்பு. 24 கேஜ் ஒயரில் இந்தத் தடை பாதியைவிடக் குறைவு. வெளியே தெரிகிற பருமனை வைத்து கேபிளை எடைபோட முடியாது என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

புதுப் பின் வந்தது. ஒயர் முனையில் 4 செ.மீ. வெட்டித் தள்ளிவிட்டு, வெளி இழைகளை முறுக்கி ஒரு பக்கம் ஒதுக்கி, நடு ஒயரின் தோலை உரித்து, இரண்டிலும் முதலில் ஈயம் பூசிவிட்டு, பிறகு பின்னில் வைத்துச் சூடு காட்டினேன். மூன்று விநாடிக்கு மேல் அயர்னை வைக்கவில்லை, வளையம் இளகிய பாடம் நினைவிருந்தது. அழகாகப் பிடித்துக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தால் பின்னின் மூடி மேசை மேல் இருக்கிறது. அதை சால்டர் செய்வதற்கு முன்னால் ஒயரில் கோத்திருக்க வேண்டும். பிரித்து, மூடியைக் கோத்து, மறுபடி வைத்தேன். மூடியைத் திருகும்போதுதான், சூடு பட்டால் சுருங்கி ஒயரை இறுக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயும் மேசை மேலேயே கிடப்பதைப் பார்த்தேன். கெட்ட வார்த்தை ஒன்று வந்தது. மறுபடி பிரித்தேன்.

மூன்றாம் முறை குழாய்களைக் கோத்தபோது ஒரு லாபமும் கிடைத்தது. முனை திறந்திருந்ததால், ஒரு துண்டுக் குழாயை ஒயர் முழுக்கத் தள்ளிக்கொண்டு போய் அடாப்டர் பக்கத்துக் கிழிசல் மேல் நிறுத்த முடிந்தது. டேப்பின் பிசுக்கையும் க்ளூவையும் சுரண்டிவிட்டு, சூடு காட்டியதும் சிக்கென்று இறுகியது. செம்பு தெரியவில்லை. அங்கே இழைகள் நன்றாகத்தான் இருந்தன, போர்வை மட்டும்தான் தேவைப்பட்டது.

பின்னை இணைத்த முனையில் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். இழைகளுக்குள் ஈயம் ஊறிப் போகிற தூரம் வரை ஒயர் கம்பி மாதிரி விறைத்துவிடும், விறைப்பு முடிகிற இடத்தில்தான் அடுத்த முறை அறும். அதனால் ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று குழாய் போட்டேன், ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் நீளம், பின்னிலிருந்து விலக விலக மெலிந்துகொண்டே போகிற மாதிரி. பேனா ஸ்பிரிங்கைச் சுற்றும் வைத்தியத்தைப் பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஸ்பிரிங் முடிகிற கூர்முனை தோலைக் குத்தும்.

கருவியில் சொருகுவதற்கு முன் பிளஸ், மைனஸ் பார்த்தேன். மல்டிமீட்டரின் சிவப்பு முனை பின்னின் நடுவில், கறுப்பு வெளியில், எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வரவில்லை. மாறியிருந்தால் கருவியின் உள்ளே இருக்கும் ஃப்யூஸ் போகலாம், அதோடு நின்றால் அதிர்ஷ்டம். பிறகு ரெசிஸ்டரை மாட்டி பத்து நிமிடம் ஒயரை எல்லாப் பக்கமும் ஆட்டினேன். 4.9 அசையவில்லை. சால்டர் வைத்த இடத்தில் சூடும் இல்லை.

இதே வேலையை எல்லாக் கேபிளுக்கும் செய்ய மாட்டேன். வேகமாக சார்ஜ் ஏற்றும் டைப் சி கேபிளில் மின்சாரம் போகும் ஒயர்களோடு, எவ்வளவு கொடுக்கலாம் என்று இரு பக்கமும் பேசிக்கொள்ளும் ஒயரும் இருக்கிறது, சிலதில் முனைக்குள்ளேயே ஒரு சின்ன சிப் உண்டு. அது அறுந்தால் இரண்டாக வெட்டிக் குப்பையில்தான் போடுவேன், வெட்டாமல் போட்டால் வீட்டில் யாராவது எடுத்துச் சொருகுவார்கள். அடாப்டர் பெட்டியையும் திறக்க மாட்டேன், சுவரிலிருந்து கழற்றிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம்.

ஆறு மாதமாக ஒழுங்காக ஏறுகிறது. ஒயரை இப்போது அடாப்டரைச் சுற்றிச் சுற்றுவதில்லை, உள்ளங்கை அளவு வளையமாகத் தளர்வாகச் சுருட்டித் தனியாக வைக்கிறேன். ஆனாலும் பின்னைச் சொருகியதும் என் இடது கை தானாகவே ஒயரை ஒரு பக்கமாக வளைத்துப் பிடிக்கப் போய்விடுகிறது, அக்கா மகன் பார்த்துவிட்டுச் சிரிக்கிறான்.