மாதத்தின் முதல் ஒன்பது நாட்கள்: ஷெல் ஸ்கிரிப்ட்டில் மிகை இடைவெளிகளைக் கையாண்ட அனுபவம்

எங்கள் அலுவலகம் கொழும்பு புறக்கோட்டையில் இருக்கிறது. அங்குள்ள லினக்ஸ் வழங்கிகளின் நிலையைச் சொல்லும் நாளாந்த அறிக்கையை, நான் பொறுப்பேற்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் (தட்டச்சிடும் கட்டளைகளை இயக்கும் 'ஷெல்' நிரல்களில் ஒன்றான பாஷுக்கான கட்டளைத் தொகுப்பு) அதிகாலையில் தயாரித்து மின்னஞ்சலில் அனுப்பிவிடும். முந்தைய நாளில் தவறான கடவுச்சொல்லோடு உள்நுழைய முயன்றவை மணிவாரியாக எத்தனை, வட்டுகளில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது, காப்புப்பிரதி எடுக்கும் நிரல் ஓடிக்கொண்டிருக்கிறதா ஆகிய மூன்றும் அதில் இடம்பெறும். மாதத் தொடக்கத்தில் மட்டும் மணிவாரி அட்டவணை குலைந்துபோய், பல வரிசைகளுக்குப் பதிலாக ஒரே ஒரு வரிசை வந்து நிற்கும். மணிக்குரிய இடத்தில் 4 என்றோ 7 என்றோ ஓர் எண் இருக்கும். பத்தாம் திகதி கடந்ததும் எல்லாம் தானாகவே சீராகிவிட்டதால், யாரும் அதைத் துருவிப் பார்க்கவில்லை. ஆனால் அந்த ஒன்பது நாட்களிலும் எந்த நேரத்தில் எங்கள் கதவு தட்டப்பட்டது என்பது எவருக்கும் தெரியாமலே போயிற்று என்பதுதான் என்னை அதில் இறங்கவைத்தது.

காரணம், உள்நுழைவு முயற்சிகளைக் குறித்துவைக்கும் பதிவுக் கோப்பின் வரி அமைப்பிலேயே இருந்தது. நிகழ்வுகளைப் பதியும் முறையான சிஸ்லாக்கின் பழைய வடிவத்தில் ஒவ்வொரு வரியும் மூன்றெழுத்து மாதப் பெயர், நாள், நேரம் என்று தொடங்கும். நாளெண் பத்துக்குக் குறைவாக இருந்தால் அதன் முன்னால் ஓர் இடைவெளி இடப்பட வேண்டும் என்று, அந்த வடிவத்தை விவரித்து 2001 இல் இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையான ஆர்எஃப்சியில் வெளிவந்த 3164 ஆம் ஆவணம் தெளிவாகச் சொல்கிறது. சுழியம் இடுவதில்லை, இடைவெளிதான். ஆகவே 15 ஆம் திகதியின் வரியில் மாதத்துக்கும் நாளுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். 5 ஆம் திகதியின் வரியில் இரண்டு இருக்கும். எங்கள் ஸ்கிரிப்ட், வரியைப் புலங்களாக (பகுதிகளாக) வெட்டும் 'கட்' கட்டளையை, இடைவெளியைப் பிரிகுறியாகக் கொடுத்து, மூன்றாவது புலத்தை எடுக்கும்படி அழைத்திருந்தது. 'கட்' ஒவ்வொரு பிரிகுறியையும் தனித்தனியாகவே எண்ணும்; அடுத்தடுத்து இரண்டு இடைவெளிகள் வந்தால் அவற்றுக்கு நடுவே ஒரு வெற்றுப் புலம் இருப்பதாகக் கொள்ளும். எனவே மாதத் தொடக்கத்தில் மூன்றாவது புலம் நேரமாக இல்லாமல் நாளெண்ணாகிவிட்டது. நேரம் நான்காவது புலத்துக்குத் தள்ளப்பட்டது. அட்டவணையில் வந்து நின்ற 4 உம் 7 உம் அந்த நாளெண்களே.

இதைக் கண்டறிந்தபோது என்னோடு பணிபுரியும் இளைஞர், "அக்கா, எல்லா இடைவெளிகளையும் ஒன்றாக்கிவிட்டால் போதாதா?" என்று கேட்டார். 'டிஆர்' கட்டளைக்கு '-எஸ்' என்ற தெரிவைக் கொடுத்தால் அடுத்தடுத்து வரும் ஒரே எழுத்துகளை அது ஒன்றாகச் சுருக்கிவிடும் என்பதால் கேள்வி நியாயமானதே. இந்த ஓர் இடத்தில் அது வேலை செய்யவும் செய்தது. ஆனால் ஸ்கிரிப்ட்டின் அடுத்த படிக்குப் போனதும் அதன் எல்லை தெரிந்துவிட்டது. மணிகளை வரிசைப்படுத்தி, ஒரே மாதிரியான வரிகளை எண்ணும் 'யூனிக் -சி' கொண்டு எண்ணும்போது, லினக்ஸில் வழக்கமான ஜிஎன்யூ பதிப்பு எண்ணிக்கையை ஏழு எழுத்து அகலத்தில் வலப்பக்கமாக ஒதுக்கி அச்சிடுகிறது. அதாவது வரி இடைவெளிகளோடுதான் தொடங்குகிறது. அவற்றை 'டிஆர்' சுருக்கினாலும் தொடக்கத்தில் ஓர் இடைவெளி மிஞ்சும்; அதனால் 'கட்' கேட்கும் முதல் புலம் வெறுமையாகவும், நாம் தேடும் எண்ணிக்கை இரண்டாவதாகவும் இருக்கும். எண்ணிக்கை ஏழு இலக்கங்களுக்கு வளர்ந்தாலோ தொடக்க இடைவெளியே மறைந்து, புலம் மீண்டும் முதலாவதாகிவிடும். தரவின் அளவைப் பொறுத்துப் புல எண் மாறுகின்ற ஒரு வழியை நிரந்தரத் தீர்வாக ஏற்க எனக்கு மனம் வரவில்லை. காப்புப்பிரதி நிரலின் அடையாள எண்ணை, ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் 'பிஎஸ்' வெளியீட்டிலிருந்து எடுத்த வரியிலும் இதே சிக்கல் காத்திருந்தது. அங்கும் எண்கள் வலப்பக்கம் ஒதுக்கியே அச்சிடப்படுகின்றன.

இவை இரண்டுக்கும் 'ஆக்' பொருத்தமாக இருந்தது. அகோ, வைன்பெர்கர், கெர்னிகன் ஆகிய மூவரும் 1977 இல் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய இம்மொழி, பிரிகுறி எதையும் நாம் குறிப்பிடாதபோது, இடைவெளிகளும் தாவல்களும் எத்தனை சேர்ந்து வந்தாலும் ஒரே பிரிப்பாகக் கொள்கிறது. வரியின் தொடக்கத்திலும் இறுதியிலும் இருப்பவற்றைப் பொருட்படுத்துவதே இல்லை. 5 ஆம் திகதியானாலும் 15 ஆம் திகதியானாலும் நேரம் அதற்கு மூன்றாவது புலம்தான். இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. '-எஃப்' தெரிவில் ஒற்றை இடைவெளியைக் கொடுத்தாலும் 'ஆக்' அதை இயல்பு நிலையாகவே கொள்ளும். ஒவ்வோர் இடைவெளியையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டுமானால், இடைவெளியைச் சதுர அடைப்புக்குறிக்குள் இட்டுக் கொடுக்க வேண்டும்.

வட்டுப் பகுதிக்கு வந்தபோது 'ஆக்' மட்டும் போதவில்லை. எங்கள் வழங்கிகளில் ஒன்று, 'ஏற்றுமதி ஆவணங்கள்' என்று நடுவே இடைவெளியோடு பெயரிடப்பட்ட ஓர் அடைவில் ஒரு வட்டை இணைத்திருக்கிறது. வட்டுகளின் நிரம்பிய இடத்தைக் காட்டும் 'டிஎஃப்' வெளியீட்டின் ஆறாவது புலத்தைக் கேட்டால் 'ஏற்றுமதி' என்ற முதற்சொல் மட்டுமே கிடைக்கும். இங்கு ஒரு வரியில் இரு வகை இடைவெளிகள் இருக்கின்றன: நெடுவரிசைகளைக் கண்ணுக்கு நேராக்க இட்டவை ஒரு வகை; பெயரின் பகுதியாக இருப்பவை இன்னொரு வகை. முதலாவதைக் களைய வேண்டும், இரண்டாவதைத் தொடவே கூடாது. ஷெல்லின் உள்ளேயே இருக்கும் 'ரீட்' கட்டளை இதைச் செம்மையாகச் செய்கிறது. ஆறு மாறிகளைக் கொடுத்தால், முதல் ஐந்துக்கும் ஒவ்வொரு சொல்லை நிரப்பிவிட்டு, எஞ்சிய முழுவதையும் உள்ளிருக்கும் இடைவெளிகளோடு அப்படியே ஆறாவது மாறியில் வைத்துவிடும். பின்சாய்கோடுகளை அது விழுங்கிவிடாதிருக்க '-ஆர்' தெரிவைச் சேர்ப்பது அவசியம். ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குச் செலுத்தும் குழாய்க்குறியின் முடிவில் வரும் சுழற்சியைப் பாஷ் இயல்பாகத் தனி உபஷெல்லில் (ஷெல்லின் தனிப் பிரதியில்) ஓட்டுவதால், அதற்குள் கூட்டிய தொகைகள் வெளியே வந்ததும் மறைந்துவிடும். அதற்காகச் சுழற்சிக்கான உள்ளீட்டைத் தற்காலிகக் கோப்பிலிருந்து கொடுத்தோம்.

'டிஎஃப்' தொடர்பில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய பதிப்புகள் சாதனத்தின் பெயர் நீளமாக இருந்தால் வரியை இரண்டாக மடித்துவிடும். வட்டு இடத்தைப் பகுத்தாளும் எல்விஎம் முறையின் பகிர்வுகளுக்குரிய நீண்ட பெயர்களில் இது சாதாரணமாக நடந்தது. '-பி' தெரிவு, ஒரு வட்டுக்கு ஒரே வரி என்ற, யூனிக்ஸ் வகை அமைப்புகளின் பொதுத் தரமான போசிக்ஸ் வடிவத்தை உறுதிசெய்கிறது. ஸ்கிரிப்ட்டில் 'டிஎஃப்' அழைக்கப்படும் எந்த இடத்திலும் அது இல்லாதிருக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

பழைய ஸ்கிரிப்ட்டின் இன்னோரிடத்தில், மேற்கோள் குறியின்றி ஒரு மாறியை 'எக்கோ' செய்து மிகை இடைவெளிகளைக் களையும் உத்தி கையாளப்பட்டிருந்தது. மேற்கோள் இல்லாத மாறியை ஷெல், ஐஎஃப்எஸ் மாறியிலுள்ள பிரிப்பு எழுத்துகளின்படி சொற்களாகப் பிரித்துவிடும். 'எக்கோ' அச்சொற்களை ஒவ்வோர் இடைவெளியோடு கோத்து அச்சிடும். பலரும் விரும்பும் குறுக்குவழி இது, ஆனால் பதிவுக் கோப்புகளில் இதைப் பயன்படுத்துவது ஆபத்தானது. சொற்பிரிப்புக்குப் பின் கோப்புப் பெயர் விரிவாக்கமும் நடக்கும். வெளியிலிருந்து தாக்குபவர் பயனர் பெயராக ஒரு நட்சத்திரக் குறியைத் தட்டச்சு செய்திருந்தால், அக்குறி இருந்த இடத்தில் நடப்பு அடைவிலுள்ள கோப்புகளின் பெயர்கள் எல்லாம் அறிக்கைக்குள் வந்துவிடும். அந்நியர் தட்டச்சு செய்தது நேரே நம் ஷெல்லின் விரிவாக்கத்துக்குள் நுழைவதை நான் அனுமதிக்க மாட்டேன். எனவே அந்த வரிகள் அனைத்துக்கும் இரட்டை மேற்கோள் இட்டோம்.

மெக் கணினியில் ஸ்கிரிப்ட்டைச் சோதித்தபோது வேறொரு வேறுபாடு தென்பட்டது. 'டபிள்யூசி -எல்' வரிகளை எண்ணித் தரும்போது, லினக்ஸில் உள்ளீட்டை நேரடியாகச் செலுத்தினால் வெறும் எண் மட்டுமே வரும். மெக்கில் எண்ணுக்கு முன் இடைவெளிகள் வரும். எழுத்துச் சரமாக சுழியத்தோடு ஒப்பிட்ட நிபந்தனை அங்கே பொய்யாகிவிட்டது. விடையை ஷெல்லின் எண்கணித விரிவாக்கத்துக்குள் இட்டதும் இடைவெளிகள் தாமாக உதிர்ந்தன.

கண்ணுக்குத் தெரியாதவையே அதிக நேரத்தை விழுங்கின. கணக்குப் பிரிவிலிருந்து எக்செல் வழியாக வந்த வழங்கிகளின் பட்டியலில் ஒரு பெயர் எவ்வளவு முயன்றும் பொருந்தவில்லை. பைட்டுகளை அப்படியே காட்டும் 'ஓடி -சி' கொண்டு பார்த்தபோது, இடைவெளி என்று நாங்கள் எண்ணிய இடத்தில் 302 240 என்ற எட்டடிமான (ஆக்டல்) மதிப்புகள் இருந்தன. அது, அந்த இடத்தில் வரி உடையாதிருக்க இடப்படும் முறியா இடைவெளி. யுடிஎஃப்-8 இல் இரண்டு பைட்டுகளாக எழுதப்படும். 'டிஆர்' சுருக்கும் சாதாரண இடைவெளியும் அதுவன்று, ஷெல்லின் ஐஎஃப்எஸ் பட்டியலிலும் அது இல்லை. வேறு சில வரிகளின் இறுதியில் விண்டோஸ் விட்டுச்சென்ற கேரேஜ் ரிட்டர்ன் எழுத்து ஒட்டியிருந்தது. ஆகவே வெளியிலிருந்து வரும் பட்டியல்கள் எல்லாவற்றையும் முதலில் உரையைத் திருத்தும் 'செட்' வழியாகச் செலுத்தி, இவ்விரண்டையும் களைந்த பிறகே உள்ளே எடுக்கிறோம். பயனரின் மொழி அமைப்பு தமிழாகவோ சிங்களமாகவோ இருந்தால் 'டேட்' தரும் மாதப் பெயரும் அதற்கேற்ப மாறும் என்பதால், ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்திலேயே மொழி அமைப்பைத் தீர்மானிக்கும் எல்சி_ஆல் மாறியை, எந்த மொழியையும் சாராத 'சி' என்று நிறுவிவிட்டோம்.

இத்தனைக்கும் பிறகு, இடைவெளிகளை எப்படிக் களைவது என்பதைவிட, அவை வராமலே கேட்பது எப்படி என்று பார்ப்பதே எனக்கு முதன்மையாகிவிட்டது. நெடுவரிசைகளை நேராக்கும் இடைவெளிகள் மனிதர் படிப்பதற்காக இடப்பட்டவை. ஏராளமான கட்டளைகளுக்கு அவற்றைத் தவிர்க்கும் வழி உண்டு. நிரலின் எண் வேண்டுமானால் 'பிஎஸ்' வெளியீட்டைப் பிரிப்பதற்குப் பதிலாக 'பிஜிரெப்' அதை மட்டுமே தரும். கோப்பின் அளவுக்கு 'எல்எஸ்' வரியைக் கூறுபோடத் தேவையில்லை; 'ஸ்டாட்' இருக்கிறது. வட்டுகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிஎல்கே' கட்டளை, நிரல்கள் படிக்க எளிதான ஜேசன் வடிவிலேயே விடை தரும். வேறு வழி இல்லாத இடங்களில் மட்டும் 'ஆக்', 'ரீட்' ஆகியவற்றை வைத்துக்கொண்டோம்.

பதிவுக் கோப்பு அத்தகைய ஓரிடம். அதிலும் அண்மையில் ஒரு மாற்றம் வந்தது: 2023 இல் வெளியான டெபியன் 12 என்ற லினக்ஸ் பதிப்பில், பதிவுகளை எழுதும் நிரலான ஆர்சிஸ்லாக் தன் இயல்பு வடிவத்தை மாற்றி, ஆண்டு முதல் நொடியின் பின்னம் வரை அனைத்தையும் இடைவெளியே இல்லாத ஒரே சொல்லாக எழுதுகிறது. அங்கே மூன்றாவது புலத்தில் நேரம் இருக்காது. மணி, வரியின் 12 ஆவது, 13 ஆவது எழுத்துகளில் இருக்கிறது. பழைய வடிவத்திலும் நேர முத்திரை எப்போதும் 15 எழுத்து அகலமே என்பதால், மணி 8 ஆவது, 9 ஆவது எழுத்துகளில் நிலைத்து நிற்கிறது. இப்போது வரியின் முதல் எழுத்து இலக்கமா என்று பார்த்து, இரண்டில் உரியதை ஸ்கிரிப்ட் தேர்ந்துகொள்கிறது. 5 ஆம் திகதி வரி ஒன்று, 15 ஆம் திகதி வரி ஒன்று, புதிய வடிவ வரி ஒன்று, நட்சத்திரக் குறியைப் பயனர் பெயராகக் கொண்ட வரி ஒன்று என ஒரு சோதனைக் கோப்பைச் சேர்த்து வைத்திருக்கிறோம். ஸ்கிரிப்ட்டில் யார் எதைத் திருத்தினாலும், வழங்கிகளுக்கு அனுப்புவதற்கு முன் அந்தக் கோப்பின் மீது ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுகிறார்கள்.