மணலும் மன்னரும்: வகுப்பறையில் கற்ற ‘ஓசிமாண்டியஸ்’

சென்னையில் மேல்நிலை வகுப்பில் எங்களுக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர், பாலைவனத்தில் உடைந்து கிடக்கும் ஒரு மன்னனின் சிலையைப் பாடும், ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியின் 14 அடிக் கவிதையான ‘ஓசிமாண்டியஸ்’ பாடத்தை எளிதில் முடிக்க மனம் கொள்ளவில்லை. செருக்கு அழியும் என்று எழுதினால் தேர்வில் மதிப்பெண் கிடைத்துவிடும். அவருக்கு அது போதாது. தன் படைப்புகளைப் பார்த்து வலியோர் மனம் இடியட்டும் என்று மன்னன் பீடத்தில் பொறித்த வாசகத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை, சுற்றியிருந்த நகரம் மட்டுமே மறைந்தது, ஆயினும் அதே வாசகம் இன்று நேர்மாறான காரணத்தால் வலியோரை நடுங்கவைக்கிறது என்று அவர் விளக்கியபோதுதான், முரண்நகை என்பதன் ஆற்றல் எனக்குப் புலப்பட்டது. மன்னனைக் கண்டிக்கும் சொல் ஒன்றையும் ஷெல்லி தம் வாயால் சொல்லவில்லை. கூலிக்குச் செதுக்கிய சிற்பி மன்னனுடைய ஏளனத்தைக் கல்லில் பதித்துவிட்டான். அதையும் தன் பெருமை என்றே மன்னன் ஏற்றிருக்க வேண்டும்.

அதே ஆண்டில் தமிழ் ஐயா புறநானூற்றின் 363ஆம் பாடலை நடத்தினார். கடல் சூழ்ந்த நிலத்தைத் தனியே ஆண்டவர்கள் ‘இடுதிரை மணலினும் பலரே’. அவர்கள் சுடுகாடு சேர, நாட்டைப் பிறர் கொண்டனர். ஐயாதிச் சிறுவெண்டேரையார் இதை அறிவுரையாக நேரே சொல்கிறார். ஷெல்லியிடம் மணல் ஒரு மன்னனைச் சூழ்ந்து கிடக்கிறது. இங்கோ மாண்ட மன்னர்களே மணலை விஞ்சுகிறார்கள், ஒருவர்க்கும் பெயரில்லை. எனக்கு இதுவே கடுமையானதாகப் படுகிறது.

எழும்பூர் அருங்காட்சியகத்திலுள்ள, பிரிட்டிஷ் படை அதிகாரி கர்னல் நீலின் சிலையையும் இங்கே நினைக்கிறேன். 1857 கிளர்ச்சியை இரக்கமின்றி ஒடுக்கிய அவருக்கு மவுண்ட் ரோட்டில் நிறுத்திய சிலைக்கு எதிராக 1927இல் போராட்டம் எழுந்தது. 1937இல் இராஜாஜி அமைச்சரவை அதை அகற்றியது. ஓசிமாண்டியஸின் சிலையை வீழ்த்தியது காலமா, மக்களா என்பதைக் கவிதை சொல்வதில்லை.

லண்டனுக்குக் குடிபெயர்ந்த பின், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் எகிப்திய மன்னன் இரண்டாம் ராம்செஸின் மாபெரும் கல்தலையைக் கண்டேன். ஓசிமாண்டியஸ் என்பது அம்மன்னனுக்குக் கிரேக்கர் வழங்கிய பெயர். கவிதை 1818 ஜனவரியில் அச்சேறியது. தலை லண்டன் வந்தது அதன் பின்னரே. அந்த முகத்தில் ஏளனம் துளியும் இல்லை. மெல்லிய புன்னகையோடு அது கீழ்நோக்குகிறது. டயோடோரஸ் என்னும் பண்டை வரலாற்றாசிரியர் பதிவு செய்திருந்த பீட வாசகத்தோடு, சுருங்கிய உதட்டையும் ஆணையிடும் இறுமாப்பையும் ஷெல்லியே தம் கற்பனையால் சேர்த்திருக்கிறார். தன் உருவத்தைக் கல்லில் எழுப்பி எகிப்து முழுவதும் நிறுத்திய மன்னனை, கவிதை படித்தவர்கள் இன்று ஷெல்லி கொடுத்த முகத்தால்தான் அறிகிறார்கள்.