ஏப்ரலில் விட்டது ஜூலையில் தெரியும்: ஒன்ராறியோவில் குறைந்த வருமானக் குடும்பங்களின் ரக்ஸ்

"எனக்கு வருமானமே இல்லை, நான் ஏன் ரக்ஸ் செய்ய வேணும்?" மாசி, பங்குனி வந்தால் ரொறன்ரோப் பக்கத்து ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் இந்தக் கேள்வி சுற்றத் தொடங்கிவிடும். கேட்பவர் பெரும்பாலும் வீட்டில் பிள்ளைகளைப் பார்க்கும் தாய். அல்லது இலங்கையில் இருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகாத ஒருவர். கட்டாயமாக ரக்ஸ் செய்ய, அதாவது வருமானவரிப் படிவம் அனுப்ப வேண்டியவர்களும் இவர்கள்தான். சைல்ட் ரக்ஸ் என்று நாங்கள் சொல்லும் பிள்ளைகளுக்கான காசு, விற்பனை வரிக்கு ஈடாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் ஜிஎஸ்ரி காசு, வாடகைக்கும் விற்பனை வரிக்கும் ஈடாக ஒன்ராறியோவில் மாதம் 10ஆம் திகதி வரும் ரில்லியம் காசு எல்லாவற்றுக்கும் உங்கள் ரக்ஸ் பைல்தான் விண்ணப்பம். கணவன் மனைவி இருவரில் ஒருவர் பைல் பண்ணாவிட்டாலும் குடும்ப வருமானத்தைக் கணக்கிட வழியில்லை. ஜூலை மாதம் 20ஆம் திகதி வங்கிக் கணக்கைப் பார்க்கும்போதுதான் அது தெரியவரும்.

ஏன் ஜூலை? கொடுப்பனவு ஆண்டு ஜூலையில் தொடங்கி அடுத்த ஜூனில் முடிகிறது. 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை வருகிற காசு 2024ஆம் ஆண்டு வருமானத்தை வைத்துக் கணக்கிடப்பட்டது. கடைசித் திகதி ஏப்ரல் 30. சுயதொழில் செய்பவர்களுக்கும் அவர்களின் துணைக்கும் ஜூன் 15 வரை நேரம் உண்டு, ஆனால் கட்ட வேண்டிய வரி இருந்தால் அதற்கு ஏப்ரல் 30தான். பிந்தினால் கட்ட வேண்டிய தொகையில் 5 சதவீதமும், அதற்கு மேல் முழு மாதத்துக்கு ஒரு சதவீதம் வீதம் 12 மாதம் வரையும் தண்டம். கட்ட வேண்டியது பூச்சியம் என்றால் தண்டமும் பூச்சியம். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு "ஆறுதலாகச் செய்யலாம்" என்று இருப்பவர்களுக்குத்தான் ஜூலையில் காசு நிற்கிறது.

எல்லாக் கணக்கும் சுற்றிவருவது ரக்ஸ் படிவத்தின் ஒரு கட்டத்தைத்தான்: 23600ஆம் கட்டம், கழிவுகள் போன நிகர வருமானம். உங்களுடையதையும் துணையுடையதையும் கூட்டினால் கிட்டத்தட்ட அதுதான் குடும்ப வருமானம். இது 37,487 டொலருக்குக் கீழே இருந்தால் 2025 ஜூலை கணக்கின்படி ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஆண்டுக்கு 7,997, ஆறு முதல் 17 வயது வரையான பிள்ளைக்கு 6,748 டொலர் முழுதாகக் கிடைக்கும். அதற்கு மேலே போனால் கூடுகிற ஒவ்வொரு டொலருக்கும் ஒரு பிள்ளை என்றால் 7 சதம், இரண்டு பிள்ளைகள் என்றால் 13.5 சதம், மூன்று என்றால் 19 சதம் குறையும்.

நான்கு வயதிலும் ஒன்பது வயதிலும் பிள்ளைகள், குடும்ப நிகர வருமானம் 45,000 என்று வைப்போம். முழுத்தொகை 14,745. வரம்புக்கு மேலே இருப்பது 7,513. அதில் 13.5 சதவீதம் 1,014. மிச்சம் 13,731, மாதத்துக்கு ஏறத்தாழ 1,144 டொலர். இதே குடும்பம் ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கான ஆர்ஆர்எஸ்பியில் 3,000 டொலர் போட்டு அதைக் கழித்தால் நிகர வருமானம் 42,000 ஆகிறது. சைல்ட் ரக்ஸ் ஆண்டுக்கு 405 கூடும். கூடவே வருகிற ஒன்ராறியோ பிள்ளைக் கொடுப்பனவு அந்த வருமான மட்டத்தில் டொலருக்கு 8 சதம் குறைவதால் அதில் இன்னொரு 240. உழைப்பவர் வரி கட்டுகிறவராக இருந்தால் வரியில் மிச்சமாகும் சுமார் 600 தனி. 3,000 போட்டு 1,200க்கு மேல் திரும்பி வருகிறது. "ஆர்ஆர்எஸ்பி காசுள்ள ஆட்களுக்கு" என்று ஒதுக்கிவிடும் குடும்பங்களுக்குத்தான் இந்த இடத்தில் அது அதிகம் உதவுகிறது.

அதற்காகக் கடன் வாங்கிப் போடாதீர்கள். அவசரத்துக்கு அதே காசை அடுத்த வருடம் எடுத்தால் அது வருமானமாகச் சேர்ந்து அதற்கடுத்த ஜூலையில் சைல்ட் ரக்ஸைக் குறைத்துவிடும். அவசரத்துக்கான சேமிப்பு ரிஎவ்எஸ்ஏ என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும், அதிலிருந்து எடுப்பது வருமானத்தில் சேராது.

நிகர வருமானத்தைக் குறைக்கும் இன்னொன்று பிள்ளை பராமரிப்புச் செலவு. ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 8,000, ஏழு முதல் 16 வரை 5,000 டொலர் உச்ச வரம்பு. வழமையாக இருவரில் வருமானம் குறைந்தவர்தான் இதைக் கோர வேண்டும். அம்மம்மாவுக்குக் காசு கொடுத்து பிள்ளையைப் பார்க்க விட்டாலும் கோரலாம், ஆனால் அம்மம்மா தன் சமூகக் காப்புறுதி (சின்) இலக்கத்தோடு பற்றுச்சீட்டுத் தர வேண்டும், அந்தக் காசைத் தன் வருமானமாகவும் காட்ட வேண்டும். முதியோர் கொடுப்பனவில் குறைந்த வருமானத்துக்கான மேலதிகப் பங்கு எடுக்கும் அம்மம்மா என்றால் அதில் அடி விழக்கூடும். இரண்டு பக்கமும் கூட்டிக் கழித்துப் பாருங்கள். மருத்துவச் செலவு, நன்கொடை, கல்விக் கட்டணம் எல்லாம் வரியைத்தான் குறைக்கும், 23600ஐத் தொடாது. வரியே இல்லாதவர் நன்கொடைப் பற்றுச்சீட்டைத் தேடி அலைவதில் பயனில்லை. எடுத்து வையுங்கள், அடுத்து வரும் ஐந்து வருடங்களுக்குள் கோரலாம்.

இனி வாடகை. ரில்லியத்தின் பெரிய பங்கு இதில்தான் இருக்கிறது, அதிகம் விடுபடுவதும் இதுதான். ஓஎன்-பென் என்ற ஒன்ராறியோப் படிவத்தில் போன வருடம் கட்டிய வாடகை முழுவதையும் எழுதி விண்ணப்பிக்க வேண்டும். மென்பொருளில் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போனால் எந்த எச்சரிக்கையும் வராமல் போகலாம், விற்பனை வரிப் பங்கு மட்டும் வரும். "எனக்கும் ரில்லியம் வருகுதுதானே" என்று இருந்துவிடுவார்கள். மாத வாடகை 1,600 என்றால் ஆண்டுக்கு 19,200. அதில் 20 சதவீதமான 3,840ஐ நீங்கள் கட்டிய சொத்துவரி மாதிரி எடுத்துக் கணக்கிடுகிறார்கள். கணவன் மனைவியில் ஒருவர் மட்டும் விண்ணப்பித்தால் போதும். இரண்டு குடும்பம் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்திருந்தால் அவரவர் கட்டிய பங்கை மட்டும் எழுதலாம். நகரசபைக்குச் சொத்துவரி கட்டாத கட்டடங்களுக்கு, சில அரச வீடுகள் உட்பட, இந்த வாடகைப் பங்கு கிடையாது.

பேஸ்மென்றில் இருப்பவர்களுக்குச் சிக்கல் வேறு. வீட்டுக்காரர் வாடகையை வருமானமாகக் காட்டவில்லை என்றால் பற்றுச்சீட்டுத் தரப் பின்னடிப்பார், "வாடகையைப் போடவேண்டாம்" என்றும் சொல்வார். அது அவருடைய ரக்ஸ் பிரச்சினை, உங்களுடையது அல்ல. ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின் 109ஆம் பிரிவுப்படி வாடகைக்கு இருப்பவர் கேட்டால் வீட்டுக்காரர் காசு வாங்காமல் பற்றுச்சீட்டுத் தர வேண்டும். வீட்டுக்காரரோடு சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்து இருந்தால் அந்தச் சட்டம் பொருந்தாது. அப்படியான இடத்தில் மாதாமாதம் இ-ரான்ஸ்பர் மூலம் வாடகை அனுப்பி, குறிப்பில் "மே வாடகை" என்று எழுதுவதுதான் நல்ல காப்பு. கையில் காசாகக் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் கையெழுத்து வாங்குங்கள். பற்றுச்சீட்டில் உங்கள் பெயர், வீட்டு முகவரி, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, தொகை, வாங்கியவரின் பெயர், கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். பைலோடு அனுப்பத் தேவையில்லை, ஆறு வருடம் வைத்திருங்கள். கனடா வருமானவரித் திணைக்களமான சிஆர்ஏ கேட்டால்தான் காட்ட வேண்டும், கேட்கவும் செய்கிறார்கள்.

வேலை செய்தும் சம்பளம் குறைவு என்பவர்களுக்கு கனடா வேர்க்கர்ஸ் பெனிபிற் இருக்கிறது. 2024ஆம் ஆண்டுக்கு தனியாள் 1,590, குடும்பம் 2,739 டொலர் வரை. 6ஆம் அட்டவணையை நிரப்பினால் திருப்பிவரும் காசோடு சேர்ந்து வரும். நவம்பர் 1க்கு முன் பைல் பண்ணியவர்களுக்கு அடுத்த ஆண்டுப் பங்கில் பாதி முன்பணமாகவும் வரும். உழைத்த வருமானம் 3,000 டொலருக்கு மேல் இருந்தால்தான் இது தொடங்கும். கையில் காசு வாங்கி, கணக்கில் காட்டாமல் வேலை செய்பவர் "ரக்ஸ் மிச்சம்" என்று நினைப்பார். உண்மையில் அந்த மட்டத்தில் பெரிதாக வரியே இல்லை. விடுவது இந்தக் கொடுப்பனவு, வேலை இழந்தால் வரும் ஈஐ, முதுமையில் வரும் சிபிபி மூன்றையும்தான்.

துணையின் விபரத்தில் நடக்கும் பிழைகள் மற்ற எல்லாவற்றையும்விடக் காசு நட்டத்தை உண்டாக்குகின்றன. யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ கல்யாணம் முடித்து, துணையை ஸ்பொன்சர் செய்துவிட்டுக் காத்திருப்பவர் பைலில் "தனி" என்று போடுகிறார். கல்யாணம் நடந்த நாளிலிருந்து நீங்கள் மணமானவர். துணை எங்கே இருந்தாலும் அவருடைய ஆண்டு வருமானத்தைக் கனேடிய டொலரில் மாற்றி எழுத வேண்டும், ஆண்டுச் சராசரி மாற்றுவீதம் அதற்குப் போதும். குடிவரவுத் திணைக்களத்துக்கு ஒன்று, சிஆர்ஏக்கு வேறொன்று சொல்லி இருந்தால் பிறகு விளக்கம் சொல்வது பெரும்பாடு. நன்மையும் உண்டு: வருமானம் இல்லாத துணைக்கு நீங்கள் காசு அனுப்பித் தாங்குவதாக இருந்தால் 30300ஆம் கட்டத்தில் துணைக்கான தொகையைக் கோரலாம். அனுப்பிய பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

பிரிவிலும் இப்படித்தான். பிரிந்து 90 நாள் தொடர்ந்து தனித்தனியே வாழ்ந்த பிறகுதான் "பிரிந்தவர்" என்று அறிவிக்கலாம். அறிவித்தால் பிரிந்த நாளிலிருந்து கணக்காகும். ஒரே வீட்டில் ஒன்றாக இருந்துகொண்டு, காசு கூட வரும் என்று பிரிந்ததாகப் போடும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பாடசாலைக் கடிதம், ஓட்டுநர் உரிமத்து முகவரி, வங்கிக் கூற்று என்று கேட்டு, நிரூபிக்க முடியாதபோது வருடக்கணக்கில் வாங்கியதைத் திருப்பிக் கேட்பார்கள்.

புதிதாக வந்தவர்கள் முதல் ரக்ஸ் வரும் வரை காத்திருக்க வேண்டாம். பிள்ளைகள் இருந்தால் ஆர்சி66 படிவமும் அதன் அட்டவணையும், பிள்ளைகள் இல்லாவிட்டால் ஆர்சி151. கனடா வருவதற்கு முன் உழைத்ததையும் அதில் எழுத வேண்டும், அந்த வருமானத்துக்கு இங்கே வரி இல்லை. விண்ணப்பிப்பவர் தாயாக இருப்பது சுலபம், தந்தை என்றால் தாயின் கடிதமும் தேவைப்படும். 9இல் தொடங்கும் சின் இலக்கத்துக்குக் காலாவதித் திகதி உண்டு. நிரந்தர வதிவுரிமை கிடைத்துப் புதிய சின் எடுத்ததும் அதை சிஆர்ஏக்குச் சொல்லுங்கள்.

சமூக உதவிப்பணம் எடுப்பவர்கள் அதற்கு வரும் ரி5007 துண்டை விட்டுவிடுகிறார்கள், "அதுக்கு ரக்ஸ் இல்லைத்தானே" என்று. வரி இல்லைதான், ஆனால் அது நிகர வருமானத்தில் சேரும், சிஆர்ஏ கையில் அதன் பிரதி ஏற்கெனவே இருக்கிறது. இருவரில் நிகர வருமானம் கூடியவர் காட்ட வேண்டும்.

எங்கே செய்வது? வருமானம் குறைந்த, எளிமையான பைல்களைத் தொண்டர்கள் இலவசமாகச் செய்யும் முகாம்கள் நூலகங்களிலும் சமூக நிலையங்களிலும் நடக்கின்றன. ஊபர் ஓடுபவர்களை அங்கே பொதுவாக எடுக்கமாட்டார்கள். ஆட்களை ஏற்றி ஓடுபவர் முதல் நாளிலிருந்தே விற்பனை வரிக்கான எச்எஸ்ரி இலக்கமும் எடுத்திருக்க வேண்டும். காசு கொடுத்துச் செய்வித்தால், அனுப்புவதற்கு முன், இணையத்தில் அனுப்பச் சம்மதம் தரும் ரி183 படிவத்தில் கையெழுத்து வைத்து முழுப் பைலின் பிரதியையும் வாங்குங்கள். நேரடி வைப்புக்குப் போகும் வங்கிக் கணக்கு உங்களுடையதுதானா என்று பாருங்கள். "இன்றைக்கே ரீபண்ட்" என்று கையில் தருபவர்கள் முதல் 300 டொலரில் 15 சதவீதமும் மிச்சத்தில் 5 சதவீதமும் வரை எடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. 2,000 டொலர் ரீபண்டில் அது 130 டொலர். நேரடி வைப்பு என்றால் இணையவழிப் பைலுக்குப் பெரும்பாலும் இரண்டு கிழமைக்குள் முழுக்காசும் வந்துவிடும்.

பழைய வருடங்கள் விடுபட்டிருந்தால் பழையதிலிருந்து தொடங்குங்கள், ஒன்றின் முடிவு அடுத்ததற்குள் போகும். பிழையாகப் போன பைலைப் பத்து வருடம் வரை திருத்தலாம், பிள்ளைகளுக்கான காசையும் பத்து வருடம் வரை பின்னோக்கிக் கேட்கலாம். 11 மாதத்துக்கு மேல் பின்னோக்கிக் கேட்டால் அந்தக் காலம் முழுக்கப் பிள்ளை உங்களோடு இருந்ததற்கும், நீங்கள் கனடாவில் இருந்ததற்கும் அத்தாட்சி வேண்டும்: குடும்ப வைத்தியரின் கடிதம், பாடசாலைப் பதிவு, வாடகை ஒப்பந்தம். கடிதம் வந்தால் அதில் உள்ள கோவை இலக்கத்தோடு சிஆர்ஏ இணையக் கணக்கில் பத்திரங்களை ஏற்றி, ஏற்றியதற்கான உறுதிப்படுத்தல் இலக்கத்தை எழுதி வையுங்கள். அதே பத்திரங்களை இரண்டாம் முறை கேட்டுக் கடிதம் வந்தால் தொலைபேசியில் அந்த இலக்கத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கும்.