கேபினட்டோடு சேர்த்தே வரும்

கிருஷ்ணகிரியில் கம்ப்யூட்டர் சர்வீஸுக்கு வந்து 13 வருஷம் ஆகிறது. முதல் 4 வருஷம் வேறொருவர் கடையில் ஸ்க்ரூ டிரைவர் பிடித்தேன், அப்புறம் ஐந்து ரோடு ரவுண்டானாவிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, பத்துக்குப் பன்னிரண்டில் சொந்தமாக ஒரு கடை. இத்தனை வருஷத்தில் கொட்டேஷன் கேட்டு வந்தவர்களில் ப்ராசஸர் என்ன, ரேம் எத்தனை ஜிபி, எஸ்.எஸ்.டி. எத்தனை என்று கேட்காத ஆளே இல்லை, லைனில் வரும் கரண்டைக் குறைந்த வோல்டேஜாக மாற்றி மெஷினுக்குக் கொடுக்கிற டப்பா, அந்த எஸ்.எம்.பி.எஸ். என்ன போடுகிறாய் என்று கேட்டவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். கேட்டால்தானே சொல்ல வேண்டும்? ‘கேபினட் வித் எஸ்.எம்.பி.எஸ்.’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். அந்த வரியில்தான் என் லாபமும் இருந்தது, பக்கத்துக் கடையைவிட 500 ரூபாய் குறைத்துக் காட்டும் வித்தையும் இருந்தது.

2019 மாங்காய் சீசனுக்கு முன்னால், சந்தூர் பக்கம் மண்டி வைத்திருக்கும் ஒரு அண்ணன் கணக்குப் போட ஒரு மெஷின் கேட்டார். டேலி ஓட வேண்டும், பில் பிரிண்ட் ஆக வேண்டும், அவ்வளவுதான். நான் கொடுத்த கொட்டேஷனைவிட இன்னொரு கடையில் 900 ரூபாய் குறைவு என்று சீட்டைக் கொண்டுவந்து நீட்டினார். ஐ3 ப்ராசஸரில் கை வைக்க முடியாது, போர்டிலும் ரேமிலும் வைக்க முடியாது, எல்லாம் அவர் சீட்டில் எழுதியிருக்கிறது. எழுதாத ஒன்று எஸ்.எம்.பி.எஸ். மட்டும்தான். 1,800 ரூபாய் பிராண்டட் சரக்கை எடுத்துவிட்டு, 450 ரூபாய் லோக்கல் ஒன்றைப் போட்டேன். அதன் மேலும் ‘450 வாட்’ என்றுதான் போட்டிருந்தது. ரூபாய்க்கு ஒரு வாட், கணக்கு சரியாகத்தான் இருந்தது!

ஜூனில், பெங்களூரா மாங்காய் லோடு கூழ் ஃபேக்டரிக்குப் போய்க்கொண்டிருந்த நேரம், ஒரு சாயங்காலம் காற்றும் மழையுமாக அடித்தது. கரண்ட் போய், வந்து, போய், மறுபடி வந்தது. இரவு 8 மணிக்கு அண்ணனின் போன். ‘தம்பி, பொட்டி டப்புன்னுச்சு. ஒரே கருகல் வாசன.’

போய்ப் பார்த்தேன். எஸ்.எம்.பி.எஸ். போனது மட்டும் என்றால் பரவாயில்லை, போகிற போக்கில் மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போயிருந்தது. ஹார்ட் டிஸ்க் சுற்றவே இல்லை. பென் டிரைவில் எடுத்து வைத்திருந்த பேக்கப் 11 நாள் பழையது. அந்த 11 நாள் கணக்கையும் எடைச் சீட்டுகளைப் பார்த்து, நானும் அவர் தங்கச்சி பையனும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து அடித்தோம், மாங்காய்ப்பால் பட்டுக் கறுத்துப்போன சீட்டுகள், 6-ஆ 0-ஆ என்று விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்துப் பார்த்து. ‘ஹை வோல்டேஜ்ண்ணா, கரண்ட் வந்த வேகத்துல அடிச்சிருச்சு’ என்று சொன்னேன். போர்டுக்குக் காசு வாங்கவில்லை. ரொம்ப நல்ல பையன் என்று பெயர் வாங்கினேன். வயிற்றைக் கலக்கியது அந்தப் பெயர்தான்.

செத்த டப்பாவைக் கடைக்கு எடுத்து வந்து மறுநாள் பிரித்தேன். (பிரிப்பதாக இருந்தால் ஒன்று: பிளக்கைப் பிடுங்கின பிறகும் கரண்டைச் சேர்த்து வைக்கிற பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேலேகூடத் தங்கியிருக்கும். கம்ப்யூட்டரை யார் வேண்டுமானாலும் பிரிக்கலாம், எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பழக்கமில்லாதவர்கள் பிரிக்க வேண்டாம்.) உள்ளே முதலில் கண்ணில் பட்டது ஒரு பல்லி, அப்பளம் மாதிரி காய்ந்து போயிருந்தது. அது எப்போது போய்ச் சேர்ந்ததோ. அதற்குப் பின்னால், கரண்ட் உள்ளே நுழைகிற இடத்தில், சர்க்யூட் போர்டில் ஒரு காயிலின் படம் அச்சடித்திருந்தது, காயில் இல்லை, அந்த இடத்தில் இரண்டு வெறும் ஜம்பர் கம்பி. பக்கத்தில் கெப்பாசிட்டருக்கு வட்டம் போட்டிருந்தது, கெப்பாசிட்டர் இல்லை. ஸ்பைக்கை உறிஞ்சுவதற்கு வைக்கும் வட்டப் பொட்டு மாதிரியான எம்.ஓ.வி.யும் இல்லை. வரைந்தவருக்கு என்னென்ன வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. அப்புறம் யாரோ கொட்டேஷனுக்குத் தகுந்த மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துவிட்டிருக்கிறார்கள், நான் செய்த மாதிரியே.

எஸ்.எம்.பி.எஸ். சாவது பெரிய விஷயமே இல்லை, எல்லாம் ஒரு நாள் சாகும். சாகும்போது அவுட்புட் வோல்டேஜ் தாறுமாறாக ஏறினால், தானே கையை விரித்து நின்றுவிட வேண்டும், அதற்கு உள்ளே ஒரு பாதுகாப்பு சர்க்யூட் இருக்கும். நல்ல சரக்கில் அது வேலை செய்யும், சரக்கு மட்டும் போகும். மட்டமானதில் 12 வோல்ட் போக வேண்டிய கம்பியில் எவ்வளவு போனது என்று கேட்க ஆளில்லை. சின்ன யு.பி.எஸ். இருந்தால் காப்பாற்றாதா என்றால், அந்த ரக யு.பி.எஸ். கரண்ட் இருக்கும் வரை வருவதைப் பெரும்பாலும் அப்படியே உள்ளே விடுகிறது, கரண்ட் போனால்தான் பேட்டரிக்கு மாறும்.

வாட் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுக்கோ ஆபீஸுக்கோ போடுகிற சின்ன மெஷினுக்கு 450 வாட்டே அதிகம். ரைஸன் 5 5600ஜி போட்ட மெஷினை எடுத்துக்கொண்டால் அந்த ப்ராசஸர் 65 வாட் ரகம், முக்கிக்கொண்டு ஓடினால் 88 வரை இழுக்கும், போர்டு, ரேம், எஸ்.எஸ்.டி., ஃபேன் எல்லாம் சேர்த்தாலும் நான் பிளக்கில் மீட்டர் வைத்துப் பார்த்தவரை 130-ஐத் தாண்டியதில்லை. ‘650 வாட் போடுண்ணா, ஃபியூச்சருக்கு ஆகும்’ என்று வருகிற பையன்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன். அதே காசுக்கு ஒழுங்கான 450 வாங்கலாம். கிராபிக்ஸ் கார்டு போடுவதாக இருந்தால்தான் பேச்சு மாறும், ஜிடிஎக்ஸ் 1650 மாதிரி 75 வாட் கார்டு என்றால் அப்போதும் 450 போதும், ஆர்டிஎக்ஸ் 3050-இன் 8 ஜிபி கார்டு 130 வாட், அதற்கு என்விடியாவே 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். போடச் சொல்கிறது.

பெரிய எழுத்தில் இருக்கிற வாட்டை நான் இப்போது படிப்பதே இல்லை. ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும், அதில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பார்க்கிறேன். இந்தக் கால மெஷினில் ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் தின்பது அந்த 12 வோல்ட்டைத்தான். நல்ல 450-இல் 36 ஆம்பியர் போட்டிருந்தால் 12-ஆல் பெருக்கினால் 432 வாட், கிட்டத்தட்ட சொன்னதைக் கொடுக்கிறது. என் மேஜைக்குக் கீழே கிடக்கும் ஒரு லோக்கல் ‘450’-இல் 14 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. 168 வாட். மீதி எங்கே என்றால், பழைய காலத்தில் தேவைப்பட்ட 5 வோல்ட், 3.3 வோல்ட் கணக்கிலெல்லாம் அள்ளிப் போட்டுக் கூட்டியிருக்கிறார்கள். அந்த 168-ஐயாவது கொடுக்குமா என்று கேட்டால் நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

அடுத்தது இன்புட் வோல்டேஜ். இதை சென்னையில், பெங்களூரில் இருக்கிறவர்கள் கண்டுகொள்வதில்லை, நமக்கு இதுதான் முக்கியம். ஊத்தங்கரை பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில், லைன் கடைசியில் இருக்கிற கனெக்‌ஷன், கோடையில் மோட்டார் எல்லாம் ஓடுகிற நேரத்தில் மல்டிமீட்டரில் 165 வோல்ட் பார்த்திருக்கிறேன். ‘200-240’ என்று போட்ட எஸ்.எம்.பி.எஸ். அங்கே பாதி நேரம் தானாக ரீஸ்டார்ட் ஆகும். ‘100-240’ என்று போட்டது, லைனின் அலைக்கு ஏற்றபடி கரண்டைச் சீராக இழுக்கிற ஆக்டிவ் பி.எஃப்.சி. சர்க்யூட் உள்ள சரக்கு, அதே 165-இல் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். ஒரே கம்பெனியிலேயே இரண்டு ரகமும் விற்கிறார்கள், அதனால் பெயரைப் பார்த்து ஏமாறாமல் ஸ்டிக்கரைப் படிக்க வேண்டும். இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு, ஆக்டிவ் பி.எஃப்.சி. சரக்கில் சிலது மலிவான யு.பி.எஸ். கொடுக்கிற கட்டம் கட்டமான அலையை ஒத்துக்கொள்ளாது, கரண்ட் போனதும் மெஷினும் போய்விடும். ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். இப்போது கஸ்டமரின் யு.பி.எஸ்.ஸைக் கடைக்கே கொண்டுவரச் சொல்லி, அதில் மாட்டி, நாலு தடவை மெயினை அணைத்துப் பார்த்துத்தான் கொடுக்கிறேன்.

யு.பி.எஸ். என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. கரண்ட் போய் பேட்டரிக்கு மாறுவதற்கு யு.பி.எஸ்.ஸுக்கு சில மில்லி செகண்ட் ஆகும். அந்த இடைவெளியை எஸ்.எம்.பி.எஸ். தன் பெரிய கெப்பாசிட்டரில் சேர்த்து வைத்ததை வைத்துத் தாண்ட வேண்டும், ஒழுங்கானது 16 மில்லி செகண்டாவது தாங்கும். கெப்பாசிட்டரில் மிச்சம் பிடித்திருந்தால் தாங்காது, ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் மெஷின் ரீஸ்டார்ட் ஆகும், பழி யு.பி.எஸ். மேல் விழும். இது புரியாமல் ஒருவருக்கு யு.பி.எஸ். பேட்டரியை இரண்டு தடவை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு தடவையும் காசு வாங்கினேன். அவர் இதைப் படித்தால் கடைக்கு வரலாம், ஒரு டீயும் ஒரு பேட்டரிக் காசும் பாக்கி.

80 பிளஸ் முத்திரையைக் கேட்பவர்கள் இப்போது வருகிறார்கள், சந்தோஷம்தான். 2004-இல் வந்த திட்டம் அது, உள்ளே போகிற கரண்டில் எவ்வளவு வீணாகாமல் வெளியே வருகிறது என்று அளந்து கொடுப்பது, வெள்ளை, ப்ரான்ஸ் (வெண்கலம்), கோல்டு என்று படிப்படியாகப் போகும். அளக்கும்போது சுற்றுப்புறச் சூடு 23 டிகிரி. நம் ஊரில் ஏப்ரல் மாதம் சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே இருக்கிற கடையில் 23 டிகிரியைப் பார்க்க ஃப்ரிட்ஜைத்தான் திறக்க வேண்டும். அதோடு, பாதுகாப்பு சர்க்யூட் இருக்கிறதா என்பதை அந்த முத்திரை சொல்லாது. இருந்தாலும், சோதனைக்கு அனுப்புகிற அளவுக்கு அக்கறை உள்ள கம்பெனி என்று ஒரு நம்பிக்கை, அவ்வளவுக்கு அது உதவும். கோல்டு வேண்டாம், சின்ன மெஷினுக்கு அந்தக் காசு திரும்பாது. 3 வருஷம், 5 வருஷம் வாரண்டி கொடுக்கிற சரக்கா என்று பார்ப்பேன். ஒரு வருஷம் மட்டும் கொடுக்கிறவர், தன் பொருளைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்.

நான் திருந்தி, நல்ல சரக்கு போட ஆரம்பித்த புதிதில் ஒரு கூத்து நடந்தது. காவேரிப்பட்டணத்தில் ஆன்லைன் அப்ளிகேஷன் போடும் ஒரு கடை. பழைய லோக்கல் எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றிவிட்டு 2,000 ரூபாய்க்கு ஒன்று மாட்டிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் அந்த அக்கா போன் பண்ணித் திட்டுகிறார்கள். ‘என்ன தம்பி மாட்டிட்டுப் போன, பொட்டியத் தொட்டா சுருக்குங்குது. பழசு எட்டு வருஷம் ஓடுச்சு, ஒரு நாளாவது ஷாக் அடிச்சுதா?’

போய் டெஸ்டர் வைத்தேன், கேபினட்டில் லேசாக எரிகிறது. விஷயம் என்னவென்றால், நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸில் கரண்டில் கலந்து வரும் இரைச்சலை வடிகட்ட இரண்டு குட்டிக் கெப்பாசிட்டர்கள், கரண்ட் கம்பியிலிருந்து பாடிக்குப் போகும். எர்த் இருந்தால் அந்தத் துளிக் கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லை என்றால் பாடி பாதி வோல்டேஜில், 115-க்குப் பக்கமாக மிதக்கும், கரண்ட் ஒரு மில்லி ஆம்பியர்கூட இருக்காது, ஆனால் தொட்டால் சுருக்கென்று இருக்கும். பழைய டப்பாவில் அந்தக் கெப்பாசிட்டர்களே கிடையாது, மிச்சம் பிடித்துவிட்டார்கள். அதனால் அது ஷாக் அடிக்கவில்லை! எட்டு வருஷமாக அந்தக் கடையில் எர்த்தே இல்லை என்பதை என் புது எஸ்.எம்.பி.எஸ்.தான் கண்டுபிடித்தது. ஸ்விட்ச் போர்டைக் கழற்றினால், மூன்று ஓட்டை சாக்கெட், எர்த் கம்பி மட்டும் வெட்டி மடக்கி டேப் சுற்றி வைத்திருக்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரி பண்ணியதும் டெஸ்டர் அணைந்தது. அக்காவிடம் இதையெல்லாம் விளக்கினேன். ‘அப்ப பழசு நல்லதில்லைங்கிற’ என்றார்கள், நம்பாத முகத்தோடு. எலக்ட்ரீஷியன் கூலியை நான்தான் கொடுத்தேன்.

இப்போது கொட்டேஷனில் எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனி வரியாக, ப்ராசஸருக்கும் மேலே எழுதுகிறேன், மாடல் பெயரோடு. இதனால் போகிற வியாபாரம் போகத்தான் செய்கிறது. ‘அங்க கேபினட்டோட ஃப்ரீயா தர்றாங்கண்ணா’ என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறவர்களைத் தடுப்பதில்லை. காசு இடிக்கிறது என்று சொல்கிறவர்களிடம், லைட் எரிகிற கண்ணாடிக் கேபினட்டை விட்டுவிட்டு 1,200 ரூபாய் இரும்பு கேபினட் எடுத்துக்கொள்ளுங்கள், மிச்சத்தை இதில் போடலாம் என்று சொல்லிப் பார்ப்பேன். பாதிப் பேர் கேட்பார்கள், பாதிப் பேருக்கு லைட்தான் வேண்டும்.

போன மாதம் சந்தூர் அண்ணன் மறுபடி வந்தார், பையன் காலேஜில் சேர்ந்திருக்கிறானாம், அவனுக்கு ஒன்று. கொட்டேஷனைக் கையில் வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

‘இது என்ன தம்பி, 2,100?’

‘கரண்ட் டப்பாண்ணா. அன்னைக்கு வெடிச்சுதே, அது.’

‘அன்னைக்கு எத்தன ரூபா டப்பா போட்டிருந்த?’

கரண்ட் மேல் பழி போட இன்னொரு தடவை வாய் வந்தது. ‘450 ரூபாண்ணா’ என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சீட்டை என் பக்கம் தள்ளி, ‘சரி, பில்லப் போடு’ என்றார்.